4 மணி நேரத்துக்கு 3 டாலர்... கேம் வாடகை நியாயமா?

ஒரு பொருளை விலைக்கு வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான். வாடகைக்கு எடுக்கும்போது இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். காசு எவ்வளவு? காலம் எவ்வளவு? முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, 'அட, சல்லிசா இருக்கே!' என்று கை நீட்டுபவர்களை நம்பித்தான் பல வாடகைத் தொழில்கள் ஓடுகின்றன. வீடியோ கேம் உலகத்தில் இந்தக் கணக்கு பட்டவர்த்தனமாகத் தெரிந்த நாள் ஒன்று உண்டு.

2014 ஜூலை 31. அமெரிக்காவிலும் கனடாவிலும் 'பிளேஸ்டேஷன் 4' வைத்திருந்தவர்களுக்கு, 'பிளேஸ்டேஷன் நவ்' என்ற சேவையைப் பொதுச் சோதனையாகத் திறந்துவிட்டது சோனி நிறுவனம். டிஸ்க் வேண்டாம், டவுன்லோடு வேண்டாம். பிடித்த கேமைத் தேர்ந்தெடுத்து வாடகை கட்டினால் உடனே விளையாடலாம். அறிவித்த கட்டணம் 2.99 டாலரில் தொடங்கி 19.99 டாலர் வரை. வாடகைக் காலம் நான்கு வகை: 4 மணி நேரம், 7 நாள், 30 நாள், 90 நாள்.

இதற்கு முன்பு, அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் நடந்த சோதனையில் நிலைமை இன்னும் மோசம். சில கேம்களுக்கு 4 மணி நேரத்துக்கு 4.99 டாலர், 90 நாளுக்கு 29.99 டாலர் என்று போட்டிருந்தார்கள். இத்தனைக்கும் அங்கே கிடைத்தவை புத்தம்புது கேம்கள் இல்லை. முந்தைய தலைமுறைக் கருவியான 'பிளேஸ்டேஷன் 3'-க்காக வந்து, சந்தையில் ஒரு சுற்று சுற்றி முடித்தவை. பழைய டிஸ்க் விற்கும் கடைகளில் 20 டாலருக்குள் சொந்தமாகவே வாங்கிவிடக்கூடிய கேம்கள் பல அதில் இருந்தன. மூன்று மாதம் விளையாட வாடகை 29.99; காலம் முழுக்க வைத்துக்கொள்ள 20. விளையாடுபவர்கள் கொதிக்காமல் என்ன செய்வார்கள்?

வாடகைக்கு என்று ஒரு தர்மம்

வாடகை நமக்குப் புதிதில்லை. தெருமுனை வாடகை நூலகத்தில் நாவல் எடுத்துப் படித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்த வீடுகள் உண்டு. கல்யாணப் பந்தலுக்குப் பாத்திரம், மைக் செட், நாற்காலி எல்லாமே வாடகைதான். யாரும் எழுதி வைக்காவிட்டாலும் அந்த வாடகைகளுக்கு ஒரு தர்மம் இருந்தது. வாடகை என்பது விலையில் ஒரு சிறு பங்காக இருக்க வேண்டும். நாற்காலி வாடகையும் நாற்காலி விலையும் ஒன்றாக இருந்தால் எதிரே நின்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. வாடகைக்கு எடுத்தவர் அந்தப் பொருளால் முழுப் பயனையும் அடையும் அளவுக்காவது கால அவகாசம் கொடுக்க வேண்டும். நாவலை ஒரு வாரத்துக்குக் கொடுக்கலாம். 'அரை மணி நேரத்தில் திருப்பிக் கொடு' என்றால் அது நூலகம் இல்லை.

இந்த இரண்டையும் வைத்து 4 மணி நேர வாடகையை உரசிப் பார்க்கலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

கதை சொல்லும் கேம் ஒன்று சுமார் 15 மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 4 மணி நேரத்துக்கு 2.99 டாலர் என்றால், முடிப்பதற்குள் நான்கு முறை வாடகை கட்ட வேண்டும். மொத்தம் 11.96 டாலர். வீரன் ஊர் ஊராகப் போய் வலிமை சேர்த்து, கடைசியில் பெரிய எதிரியைச் சந்திக்கும் வகைக் கேம்கள் 40, 50 மணி நேரம்கூட இழுக்கும். 48 மணி நேரம் என்றால் 12 வாடகை. 35.88 டாலர். அன்று புதிதாக வெளியாகும் ஒரு கேமின் வழக்கமான விலையே 59.99 டாலர்தான்.

'யார் 12 முறை 4 மணி நேர வாடகை எடுப்பார்கள்? 30 நாளோ 90 நாளோ எடுத்தால் போச்சு' என்று கேட்கலாம். சரிதான். ஆனால், 90 நாளுக்கு 19.99 டாலர் கொடுப்பவர் அதே காசுக்குப் பழைய டிஸ்க் வாங்கியிருந்தால், முடித்த பிறகு அதை இன்னொருவருக்கு விற்று 5 டாலரோ 10 டாலரோ திரும்ப எடுத்திருப்பார். தம்பிக்குக் கொடுத்திருப்பார். வாடகைக்கு எடுத்தவர் கையில் 91-வது நாள் எதுவும் மிஞ்சாது.

அதே அமெரிக்காவில் அப்போது வேறொரு வாடகையும் இருந்தது. சூப்பர் மார்க்கெட் வாசல்களில் சிவப்பு நிறத்தில் நிற்கும் 'ரெட்பாக்ஸ்' இயந்திரம். சினிமா டிஸ்க்குகளை வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த நிறுவனம், 2011-ல் கேம் டிஸ்க்குகளையும் நாடு முழுக்கக் கொடுக்க ஆரம்பித்தது. நாள் ஒன்றுக்கு 2 டாலர். சனிக்கிழமை எடுத்து ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்தால், இடையில் எத்தனை மணி நேரம் விளையாடினாலும் அதே வாடகைதான். ஒரு பக்கம் ஒரு முழு நாளுக்கு 2 டாலர். இன்னொரு பக்கம் 4 மணி நேரத்துக்கு 2.99 டாலர். நியாயம் எந்தப் பக்கம் என்று சொல்லப் பெரிய படிப்பு தேவையில்லை.

பணத்தைத் தாண்டி ஒரு வீட்டுக்குள் இது என்ன செய்யும் என்பதையும் யோசிக்க வேண்டும். 7 நாள் வாடகை என்பது காகிதத்தில் 168 மணி நேரம். பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம், சாப்பாடு, தூக்கம் போக ஒரு பிள்ளைக்கு அதில் கிடைப்பது ஏழெட்டு மணி நேரம் இருந்தால் அதிகம். "படிச்சு முடிச்சுட்டு விளையாடுடா" என்று அம்மா சொல்லும்போது, "வாடகை இன்னிக்கு ராத்திரியோட முடியுதும்மா" என்று பிள்ளை பதில் சொல்லும். சொந்த டிஸ்க் அலமாரியில் காத்திருக்கும். அரையாண்டுத் தேர்வு முடியும் வரைகூடக் காத்திருக்கும். வாடகைக் கேம் காத்திருக்காது. 'காசு கொடுத்தாச்சே, வீணாகிடுமே' என்கிற பதைப்பு விளையாட்டுக்குள் வந்துவிடும். ஓய்வுக்காக எடுத்த பொருள், ஓய்வு நேரத்துக்கே கெடு வைக்கிறது.

டிஸ்க் கையில் இருந்தும் வாடகை

பிளேஸ்டேஷன் நவ் மீது எழுந்த கோபத்தில் மிகவும் நியாயமானது இதுதான். ஏற்கெனவே பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்து, 60 டாலர் கொடுத்து டிஸ்க் வாங்கி அடுக்கி வைத்திருந்தவர்கள் பல பேர். 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது அதையும் 399.99 டாலர் கொடுத்து வாங்கினார்கள். பழைய டிஸ்க்கைப் புதிய கருவிக்குள் போட்டால் ஓடாது. இரண்டு கருவிகளுக்கும் உள்ளே இருக்கும் சிப் அடிப்படையிலேயே வேறு. பிளேஸ்டேஷன் 3-ல் இருந்தது 'செல்' என்ற தனி ரகம். அதற்காக எழுதிய கேமைப் புதிய கருவி புரிந்துகொள்ளாது.

இது தொழில்நுட்பச் சிக்கல். அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால், 'பழைய கேமைப் புதிய கருவியில் விளையாட வேண்டுமா? வாடகை கட்டுங்கள்' என்று சொன்னபோது, 'ஏற்கெனவே டிஸ்க் வைத்திருப்பவருக்குச் சலுகை' என்று ஒரு வரி அதில் இல்லை. முதல்முறை விளையாடுபவருக்கும் அதே கட்டணம். நான்கு வருடத்துக்கு முன் முழு விலை கொடுத்தவருக்கும் அதே கட்டணம். சொந்த வீட்டுச் சாவி கையில் இருக்கும்போதே வாசலில் நின்று வாடகை கேட்டது போலத்தான் பலருக்கும் பட்டது.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது. கேம் ஸ்ட்ரீமிங் என்பது சினிமா ஸ்ட்ரீமிங் போல எளிதான வேலை கிடையாது.

ஒரு படத்தை ஆயிரம் பேர் பார்த்தாலும், ஏற்கெனவே எடுத்து முடித்த அதே படம்தான் எல்லோருக்கும் போகிறது. கேம் அப்படி இல்லை. விளையாடுபவர் இடதுபக்கம் திரும்பினால் ஒரு காட்சி, வலதுபக்கம் திரும்பினால் வேறு காட்சி. அது அந்த நொடியில்தான் உருவாகிறது. அவர் பட்டனை அழுத்துவது எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கே கேம் ஓடி, அந்தக் காட்சி வீடியோவாக மாறி, வீட்டு டிவிக்குத் திரும்ப வர வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும், குதிக்க வேண்டிய வீரன் பள்ளத்தில் விழுந்திருப்பான். அதாவது, விளையாடும் ஒவ்வொருவருக்கும் அந்த நேரம் முழுக்க ஒரு தனிக் கருவியை ஒதுக்கியாக வேண்டும். ஆயிரம் பேர் விளையாடினால் ஆயிரம் பேருக்கும் சேர்த்து வன்பொருள், மின்சாரம், குளிரூட்டல்.

இதற்காக சோனி செய்த செலவும் சின்னது இல்லை. 2012-ல் 'கைகாய்' என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனத்தையே சுமார் 38 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பிளேஸ்டேஷன் 3 வன்பொருளை அடிப்படையாக வைத்துத் தனி சர்வர்களை உருவாக்கியது. போதாக்குறைக்கு, வாடகையை நிர்ணயித்தது பெரும்பாலும் கேம்களை வெளியிட்ட நிறுவனங்கள். அவர்களுக்கும் பங்கு போக வேண்டும்.

ஆக, இலவசமாகக் கொடுக்க முடியாது என்பது உண்மை. கேள்வி, 'காசு வாங்கலாமா?' என்பது இல்லை. 'இவ்வளவு வாங்கலாமா? அதை யார் தட்டிக் கேட்பது?' என்பதுதான். அதற்குப் பதில் தேட, டிஸ்க் காலத்துக்குக் கொஞ்சம் திரும்பிப் போக வேண்டும்.

எதிர்க்கடை இல்லாத தெரு

1980-களின் கடைசியில் அமெரிக்காவின் வீடியோ கடைகள் கேம் கேட்ரிட்ஜ்களையும் வாடகைக்குக் கொடுத்தன. நின்டெண்டோ நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. வாடகைக்கு எடுத்து விளையாடி முடித்துவிட்டால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்ற கவலை. ஆனால், வாடகையைச் சட்டப்படி தடுக்க முடியவில்லை. 1989-ல் 'பிளாக்பஸ்டர்' கடைச் சங்கிலி மீது அது வழக்குப் போட்டபோதுகூட, கேமோடு வரும் விளக்கப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதுதான் புகார். அடுத்த ஆண்டு, 1990-ல், கம்ப்யூட்டர் மென்பொருளை அனுமதியில்லாமல் வாடகைக்கு விடக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதிலும் கன்சோல் கேம்களுக்கு விலக்கு கிடைத்தது.

இதன் அர்த்தம் எளிமையானது. கடைக்காரர் ஒரு கேமைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால் அது அவர் பொருள். வாடகை எவ்வளவு என்று அவர்தான் முடிவு செய்வார். தயாரித்த நிறுவனம் தலையிட முடியாது. அதிகம் கேட்டால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போவார். அங்கேயும் கட்டுப்படியாகவில்லை என்றால் பழைய கேட்ரிட்ஜ் வாங்குவார். அதுவும் முடியாவிட்டால் நண்பனிடம் கடன் வாங்குவார். இத்தனை வழிகள் இருந்ததால்தான் வாடகை ஒரு கட்டுக்குள் நின்றது. கடைக்காரரின் நல்ல மனசு மட்டும் அதற்குக் காரணமில்லை.

ஸ்ட்ரீமிங்கில் இந்த வழிகள் எல்லாமே அடைபட்டுவிடுகின்றன. கேம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அதை வேறு யாரும் வாங்கி வாடகைக்கு விட முடியாது. பழையது என்று ஒன்றும் கிடையாது. நண்பனிடம் கடன் வாங்க எதுவுமில்லை. தெருவில் ஒரே கடை. விலைப்பலகையை எழுதுவதும் அவர்களே, அழித்து எழுதுவதும் அவர்களே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2013-ல், எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில் பழைய டிஸ்க் விற்பதற்கும் பகிர்வதற்கும் கட்டுப்பாடு கொண்டு வரப்போவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்ப, சில நாள்களிலேயே பின்வாங்கியது. அந்த நேரத்தில் சோனி அரை நிமிடம்கூட ஓடாத ஒரு வீடியோ வெளியிட்டுக் கைத்தட்டல் அள்ளியது. பிளேஸ்டேஷன் 4 கேமை நண்பருடன் பகிர்வது எப்படி? ஒருவர் டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார். மற்றவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ! அடுத்த ஆண்டே அதே நிறுவனம், கைக்குக் கை மாற்றவே முடியாத ஒரு கேம் கடையைத் திறந்தது.

சந்தா வந்தது... பிரச்னை தீர்ந்ததா?

எதிர்ப்புக்குப் பலன் இருந்தது. 2015 ஜனவரியில் பிளேஸ்டேஷன் நவ் சந்தா முறைக்கு வந்தது. மாதம் 19.99 டாலர், மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் 44.99 டாலர். நூற்றுக்கும் மேற்பட்ட கேம்களை இஷ்டத்துக்கு விளையாடலாம். 2019 அக்டோபரில் மாதச் சந்தா பாதியாகக் குறைந்து 9.99 டாலர் ஆனது. 4 மணி நேரத்துக்கு 2.99 டாலர் கேட்ட அதே சேவை, ஐந்தே ஆண்டுகளில் ஒரு மாதம் முழுவதற்கும் 9.99 டாலருக்கு வந்து நின்றது. ஆரம்ப வாடகை எவ்வளவு ஊதிப் பெரிதாக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. 2022-ல் பிளேஸ்டேஷன் நவ் என்ற பெயரே போய், 'பிளேஸ்டேஷன் பிளஸ்' சேவையோடு கலந்தது. அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங் வசதி உள்ள பிரீமியம் சந்தா மாதம் 17.99 டாலர், ஆண்டுக்கு 119.99 டாலர். 2023 செப்டம்பரில் ஆண்டுச் சந்தா 159.99 டாலராக உயர்ந்தது.

மைக்ரோசாஃப்ட்டின் 'கேம் பாஸ் அல்டிமேட்' கதையும் இப்படித்தான். ஸ்ட்ரீமிங், டவுன்லோடு இரண்டும் உள்ள அந்தச் சந்தா 2019-ல் 14.99 டாலர். 2023-ல் 16.99. 2024-ல் 19.99. 2025 அக்டோபரில் ஒரே தாவலில் 29.99 டாலர். ஆறே ஆண்டுகளில் இரண்டு மடங்கு! 'புதிய கேம்கள் சேர்த்திருக்கிறோம், தரத்தைக் கூட்டியிருக்கிறோம்' என்பது நிறுவனத்தின் விளக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நூற்றுக்கணக்கான கேம்கள் கிடைக்கின்றன. மாதம் நாலைந்து கேம்களைச் சுவைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு இது லாபம்தான்.

ஆனால், எல்லோரும் அப்படியா விளையாடுகிறார்கள்? வருடம் முழுக்க ஒரே கால்பந்து கேமைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளைகள்தான் பல வீடுகளில் இருக்கிறார்கள். மாதம் 29.99 டாலர் என்றால் ஆண்டுக்கு 359.88 டாலர். 69.99 டாலர் விலையுள்ள புத்தம்புது கேம்களை ஐந்து வாங்கினால்கூட 349.95 டாலர்தான் ஆகும். ஆண்டுக்கு இரண்டு கேம் மட்டும் விளையாடும் வீடு, மீதி மூன்று கேமின் காசை விளையாடாத கேம்களுக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறது. 4 மணி நேர வாடகையில் விலை உறுத்தியது. சந்தாவில் விலை உறுத்துவதில்லை. மாதாமாதம் கார்டிலிருந்து தானாகப் போய்விடுகிறது. ஏற்றினாலும், வீட்டுக்காரர் வாடகை ஏற்றியது போலப் புலம்பிக்கொண்டே கட்டுகிறார்கள். பாதி முடித்த கேம்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றனவே!

கடை மூடினால்?

வாடகை நியாயமா என்று பார்க்கும்போது, நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும் என்பதையும் பார்க்க வேண்டும்.

2010-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆன்லைவ்' இந்தத் துறையின் முன்னோடி. 3 நாள், 5 நாள் வாடகை, காலம் முழுக்க விளையாட முழு விலை என்று விதவிதமாக விற்றது. 2015 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. முழு விலை கொடுத்தவர்களின் கேம்களும் சர்வரோடு சேர்ந்து போய்விட்டன. 'வாங்கினோம்' என்று நினைத்தவர்களும் கடைசியில் வாடகைக்கு இருந்தவர்கள்தான்.

2019 நவம்பரில் வந்த கூகுளின் 'ஸ்டேடியா' 2023 ஜனவரி 18 அன்று மூடியது. ஆனால், கூகுள் ஒரு நல்ல காரியம் செய்தது. தன் கடையில் விற்ற கன்ட்ரோலர் முதல் கேம்கள் வரை, மாதச் சந்தா தவிர மற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பணம் வந்துவிட்டது. இருந்தாலும் இதில் கவனிக்க ஒன்று உண்டு. ஒரு பெரிய நிறுவனம் பெருந்தன்மையாக நடந்துகொண்டதால் கிடைத்த பணம் அது. அடுத்த நிறுவனமும் அப்படி நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

சட்டமும் மெள்ளக் கண் திறக்கிறது. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் பறிபோகக்கூடிய டிஜிட்டல் பொருளை விற்கும் கடை, அது வெறும் உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற வார்த்தையைப் போடக் கூடாது. காலக்கெடு வைத்த சந்தாக்களுக்கு இது பொருந்தாது. ஆனாலும் வாடகையை வாடகை என்று சொல்ல வேண்டும் என்ற அளவில் இது நல்ல தொடக்கம்.

கருவிக்கு வாடகை, கேம் சொந்தம்

இதற்கு வேறு வழியே இல்லையா? இருக்கிறது. என்விடியா நிறுவனத்தின் 'ஜிஃபோர்ஸ் நவ்' வேறு விதமாகக் கணக்குப் போடுகிறது. கேமை நீங்கள் வேறு கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் வாடகைக்குத் தருவது சக்தி வாய்ந்த கம்ப்யூட்டரை மட்டும். சேவையை நிறுத்தினாலும் வாங்கிய கேம் உங்கள் கணக்கிலேயே இருக்கும். நல்ல கம்ப்யூட்டர் வாங்கியதும் அதில் தொடரலாம்.

அமெரிக்காவில் அதன் நடுத்தரச் சந்தா மாதம் 9.99 டாலர், மாதத்துக்கு 100 மணி நேரம். அதாவது மணிக்குச் சுமார் 10 சென்ட். 2014-ன் 4 மணி நேர வாடகை மணிக்குச் சுமார் 75 சென்ட். பத்து ஆண்டுகளில் தொழில்நுட்பம் மலிவாகியிருக்கிறது, இதில் கேமின் விலை சேரவில்லை என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், கருவிக்கான கூலி எவ்வளவு, கேமுக்கான கூலி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும் என்பதை இது காட்டுகிறது. இதுவும் குறையே இல்லாத ஏற்பாடு அல்ல. 100 மணி நேர வரம்பு பிற்பாடு வந்ததுதான். 2020-ல் ஆக்டிவிஷன் பிலிசார்ட், பெத்தெஸ்டா போன்ற நிறுவனங்கள் தங்கள் கேம்களை இந்தச் சேவையிலிருந்து எடுத்துக்கொண்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களும் அங்கே விளையாட முடியாமல் போனது. ஆனால், அவர்கள் வாங்கிய கேம் கைவிட்டுப் போகவில்லை. அது பெரிய வித்தியாசம்.

எண்ணிக்கையில் வராத செலவு

நம் ஊர் வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பிளேஸ்டேஷன் நவ் இந்தியாவுக்கு வரவே இல்லை. ஆனால், கேம் ஸ்ட்ரீமிங் என்ற பேச்சு இங்கேயும் கேட்க ஆரம்பித்துவிட்டது. பிளேஸ்டேஷன் நவ் சேவைக்கு அன்று சோனி கேட்ட இணைய வேகம் குறைந்தது 5 எம்பிபிஎஸ். அந்த வேகத்தில் தொடர்ந்து ஒரு மணி நேரம் விளையாடினால் ஏறத்தாழ இரண்டேகால் ஜிபி தீரும். நாளுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி ரீசார்ஜில் இருக்கும் போனில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. படம் தெளிவாக வேண்டும் என்றால் டேட்டா இன்னும் அதிகம் போகும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால்தான் இந்த ஆசையே. விளம்பரத்தில் வரும் சந்தா தொகையில் இந்தச் செலவு சேராது. நெட் திக்கித் திணறி ஆட்டம் கெட்டாலும் சந்தா குறையாது. சர்வர் அவர்களுடையது, லைன் நம்முடையது. இடையில் ஏற்படும் கோளாறுக்கு மட்டும் பொறுப்பு நமக்கு.

அதற்காக ஸ்ட்ரீமிங்கே மோசம் என்று சொல்லிவிட முடியாது. 40,000, 50,000 ரூபாய் கொடுத்து கன்சோல் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு, இருக்கிற டிவியிலோ பழைய லேப்டாப்பிலோ நல்ல கேம் விளையாட இது ஒரு வாசல். கோடை விடுமுறையில் ஒரு மாதம் மட்டும் சந்தா கட்டி, பிள்ளைகள் ஆசை தீர விளையாடிவிட்டு, பள்ளி திறந்ததும் நிறுத்திவிடும் குடும்பத்துக்கு இதைவிட மலிவான வழி வேறு இல்லை. வாடகை அதற்குத்தானே? கொஞ்ச நாள் தேவைக்கு, கொஞ்சம் காசு.

ஆக, வாடகை நியாயமா?

2014-ன் 4 மணி நேர வாடகை நியாயமில்லை. அதைச் சந்தையே சொல்லிவிட்டது. இன்றைய சந்தா, நிறைய விளையாடுபவருக்கு மலிவு. கொஞ்சமாக விளையாடுபவருக்கு வீண். ஆனால், இரண்டு பேருக்குமே பொதுவான ஒரு குறை இருக்கிறது. விலை ஏறும்போது 'போய்யா' என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போக வழியில்லை. அதே கேமுக்கு இரண்டு மூன்று வழிகள் திறந்திருக்க வேண்டும். தனியாக வாங்கவும் கிடைக்க வேண்டும், வாடகைக்கும் கிடைக்க வேண்டும், ஏற்கெனவே வாங்கியவர் மறுபடி காசு கட்டாமல் விளையாடவும் முடிய வேண்டும். வாடகை கட்டியவர் பிறகு அதே கேமை வாங்க நினைத்தால், கட்டியதில் ஒரு பகுதியைக் கழித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. அப்படி ஒரு சந்தையில் என்ன விலை வைத்தாலும் பரவாயில்லை. அது தானாகவே ஒரு நிலைக்கு வந்து நிற்கும்.

அந்த நாள் வரும் வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிள்ளை சந்தா கேட்கும்போது 'மாசம் எவ்வளவு?' என்பதோடு நிறுத்திவிடாமல், 'போன மாசம் எத்தனை மணி நேரம் விளையாடினே, எத்தனை கேம்?' என்று சேர்ந்து உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே கேம்தான் என்று தெரிந்தால், அதை வாங்கிக் கொடுத்துவிடலாம். ஐந்தாறு என்றால் சந்தா சரி. ஆனால், தானாகப் பணம் எடுக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்தி வையுங்கள். அடுத்த மாதம் வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தத் தாளைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.